வேலை தெரிகிற தொடர்கள்: 2022-க்கு என் கணக்கு

இந்த ஆண்டு வந்த தொடர்களில் எனக்கு எவை பிடித்தன, ஏன் பிடித்தன, பொங்கல் லீவில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பெயரை மட்டும் எழுதித் தருவதென்றால் ஐந்து நிமிட வேலை. ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். எழுதி முடித்ததும்தான் ஒன்று தட்டுப்பட்டது. என்னை ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார வைத்த தொடர்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நம் மெகா தொடர்களை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் பெரிய கம்பெனிக்கு எம்.டி. என்பார்கள். மூன்று வருஷம் ஓடி முடிந்தாலும் அந்தக் கம்பெனி சோப்பு செய்கிறதா, பம்ப்செட் செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஃபைலில் கையெழுத்துப் போடுவார், கோட்டைக் கழற்றுவார், அவ்வளவுதான் தொழில். நான் இருபது வருஷமாக ஒரு ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டுகிறவன். பிழைப்புக்காக மனிதர்கள் செய்கிற காரியம் திரையில் சரியாகத் தெரிந்தால் எனக்கு அதுவே பாதிக் கதை.

பிப்ரவரி 18-ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறேன். அன்று ஒரே நாளில் இரண்டு தொடர்கள் வந்தன. ஜீ5-இல் ‘விலங்கு’, ஆப்பிள் டிவியில் ‘செவரன்ஸ்’. ஒன்றுக்கொன்று ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் இரண்டுமே ஓர் அலுவலகத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதை.

‘விலங்கு’ பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கியது, ஏழு எபிசோடு. திருச்சிப் பக்கம் வேம்பூர் காவல் நிலையம். எஸ்.ஐ. பரிதியாக விமல். வீட்டில் மனைவி நிறைமாதம், ஸ்டேஷனில் ஒரு பிணம் வந்து சேர்கிறது. அந்தப் பிணத்துக்குக் காவல் போட்ட பிறகும் தலை மட்டும் காணாமல் போய்விடுகிறது. மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது? கொலைகாரன் யார் என்பதைவிட, இனி நம் வேலை என்னாகும் என்கிற பயம்தான் முதல் பாதியை ஓட்டுகிறது. இது உண்மை மாதிரி இருக்கிறது. எந்த ஆபீசிலும் தப்பு நடந்தால் முதலில் யாரும் தப்பைத் தேடுவதில்லை, அது யார் தலையில் விடியும் என்றுதான் பார்ப்பார்கள்.

அந்த ஸ்டேஷன் எனக்கு மிகவும் பிடித்தது. ரைட்டர் மேஜை, கிழிந்த ரெக்சின் நாற்காலி, டீ வாங்கப் போகிறவர், லீவு கேட்க நேரம் பார்த்துக்கொண்டே நிற்கிற போலீஸ்காரர். யாரும் வசனம் பேசவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார்கள். விசாரணைக்கு வந்துபோகிற ஓர் ஆள் இருக்கிறார். யாரென்று சொல்ல மாட்டேன், சொன்னால் உங்களுக்குப் பாதி ருசி போய்விடும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ‘ஐயா’ ‘ஐயா’ என்று நிற்கிற தோரணைக்காகவே இரண்டாம் முறை பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போது அதே காட்சிகள் வேறு மாதிரி தெரிகின்றன.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஸ்டேஷனுக்குள் நடக்கிற அடி, உதையைத் தொடர் ஒளிக்கவில்லை. ஆனால் அதைப் போலீஸ்காரரின் அலுப்போடு பார்க்கிறது, அடிவாங்குகிறவனின் பக்கம் போவதில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்த பிறகு அந்தக் காட்சிகளை வேலைச் சலிப்பாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. பிடித்த தொடர்தான், இருந்தாலும் இந்த உறுத்தலையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

‘செவரன்ஸ்’ வேறு உலகம். லூமன் என்றொரு கம்பெனி. வேலைக்குச் சேரும்போது மூளையில் ஒரு சில்லு வைத்துவிடுவார்கள். லிஃப்டில் இறங்கினால் வீட்டு ஞாபகம் போய்விடும், ஏறினால் ஆபீஸ் ஞாபகம் போய்விடும். வீட்டில் இருப்பவனுக்கு இது சுகம்தான், வேலை செய்ததே தெரியாது. உள்ளே இருக்கிறவனுக்கோ தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. லிஃப்ட் கதவு மூடித் திறந்தால் மறுநாள் காலை, மறுபடி அதே நாற்காலி. ஹெல்லி என்ற பெண் வேலையை விட்டுப்போக ராஜினாமா எழுதுகிறாள். அதை நிராகரிப்பது யார் தெரியுமா? வெளியே இருக்கிற அவளேதான்.

அங்கே நால்வர் கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிற எண்களைப் பிரிக்கிறார்கள். எந்த எண்ணைப் பிரிப்பது? பார்த்தால் பயம் வரும், அந்த எண்ணைப் பிடித்துக் கூடையில் போட வேண்டும். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாமாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது, ஜிஎஸ்டி தாக்கலுக்கு முந்தின ராத்திரி, எக்செல் கட்டத்திலிருந்து சில எண்கள் என்னையும் அப்படித்தான் முறைக்கும். டேன் எரிக்சன் உருவாக்கியது இது. ஒன்பது எபிசோடில் ஆறை இயக்கியவர் பென் ஸ்டில்லர், நகைச்சுவை நடிகராக நமக்குத் தெரிந்த அதே ஆள்தான். இலக்கை முடித்த ஊழியருக்கு அங்கே தருகிற பரிசுகளைப் பாருங்கள், விரலில் மாட்டும் பொம்மை, தட்டு நிறைய முலாம்பழம். தீபாவளிக்கு அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

‘தி பேர்’ பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சிகாகோவில் மாட்டிறைச்சி சாண்ட்விச் விற்கிற ஒரு பழைய கடை. அண்ணன் தற்கொலை செய்துகொண்டபின், பெரிய பெரிய ஓட்டல்களில் பேர்வாங்கிய தம்பி கார்மி வந்து அதை ஏற்று நடத்துகிறான். கடன், அழுக்கு, பழைய ஆட்களின் முறைப்பு. கல்யாண மண்டபத்துப் பந்தியில் சாம்பார் வாளியோடு ‘சைடு, சைடு’ என்று கத்திக்கொண்டு வருவார்களே, அதேபோல அவர்களும் ஆளைக் கடக்கும்போதெல்லாம் ‘பின்னால வரேன்’, முனை திரும்பும்போதெல்லாம் ‘முனை’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் ‘செஃப்’ என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்பது புது விதி. பல வருஷமாக அங்கே வேலை பார்க்கும் டீனா அதற்கு வேண்டுமென்றே ‘ஜெஃப்’ என்கிறாள். சின்னப் பையன் வந்து தனக்குச் சொல்லித்தருவதா என்கிற கடுப்பு முழுக்க அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது. ஏழாவது எபிசோடு இருபது நிமிடம்தான், ஏறக்குறைய முழுக்க ஒரே ஷாட். ஆன்லைன் முன்பதிவை அணைக்க மறந்துவிடுகிறார்கள், ஆர்டர் சீட்டு மிஷினிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பார்த்து முடித்தபோது எனக்கு வியர்த்திருந்தது.

இனி என் முதலிடம். ‘ஆண்டோர்’.

‘ஸ்டார் வார்ஸ்’ விண்வெளிக் கதை வரிசையில் வந்தது என்றதும் பாதிப் பேர் எழுந்துபோய்விடுவீர்கள், தெரியும். நானும் அந்த வகை. வெளிச்சவாள் சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. இதில் அந்த வாளே இல்லை. டோனி கில்ராய் உருவாக்கிய பன்னிரண்டு எபிசோடு. 2016-இல் வந்த ‘ரோக் ஒன்’ படத்தில் வரும் காசியன் ஆண்டோர் என்பவன் அதற்கு ஐந்து வருஷம் முன்னால் என்னவாக இருந்தான் என்பது கதை. படத்தைப் பார்க்காமலே இதைப் பார்க்கலாம்.

முதல் மூன்று எபிசோடு நடக்கும் ஃபெரிக்ஸ் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விண்கலங்களை உடைத்து விற்கிற ஊர், நம் புதுப்பேட்டை மாதிரி. அங்கே வேலைக்காரர்களின் கையுறைகள் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. காலையில் ஒருவர் கோபுரத்தில் ஏறிச் சம்மட்டியால் பட்டறைக் கல்லைத் தட்டுகிறார், ஊருக்கு அதுதான் சங்கு. ஊரில் யாராவது செத்தால் அவரது சாம்பலைச் செங்கல்லாக்கிச் சுவரில் பதித்துவிடுவார்கள். விண்வெளிக் கதை எழுதுகிறவர்கள் வழக்கமாக விசித்திர மிருகத்தைக் கண்டுபிடிப்பார்கள். இவர்கள் ஒரு தொழிலாளர் ஊரின் பழக்கவழக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கடைசி எபிசோடில் அந்தச் செங்கல்லுக்கு ஒரு வேலை வருகிறது.

ஆனால் இந்தத் தொடரின் உச்சம் எட்டு முதல் பத்துவரை உள்ள சிறைச்சாலை எபிசோடுகள். நார்கினா 5 என்ற இடத்தில் தண்ணீருக்கு நடுவே கட்டிய சிறை. சிறை என்றால் கம்பி கிடையாது. வெள்ளை வெளேரென்று ஒரு தொழிற்சாலைக் கூடம். கைதிகளுக்குச் செருப்பு கிடையாது, ஏனென்றால் தரையில் மின்சாரம் பாய்ச்சலாம். காவலுக்குப் பெரிய படையும் வேண்டாம், தரையே காவல். ஒரு கூடத்தில் ஏழு மேஜை, மேஜைக்கு ஏழு பேர். ஏதோ ஓர் இயந்திரப் பாகத்தைப் பூட்டுகிறார்கள், எதற்கென்று தெரியாது. ஷிஃப்ட் முடிவில் கடைசியாக வந்த மேஜைக்கு ஷாக். முதலாவதாக வந்த மேஜைக்கு என்ன பரிசு தெரியுமா? சுவரிலிருந்து குழாய்வழியாக வரும் கூழில் அன்றைக்கு ருசி இருக்கும். மற்றவர்களுக்கும் அதே கூழ்தான், ருசி மட்டும் இருக்காது.

அந்தக் கூடத்தை மேய்ப்பவன் கினோ லாய், ஆண்டி செர்கிஸ் நடித்திருக்கிறார். அவனும் கைதிதான். தண்டனை நாள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, ஒழுங்காக உற்பத்தியைக் காட்டினால் வெளியே போய்விடலாம் என்ற நம்பிக்கையில் சக கைதிகளை விரட்டுகிறான். இவனை என்னவென்று சொல்வது என்று எனக்கு ஆங்கிலத்தில் தோன்றவில்லை, தமிழில் உடனே தோன்றியது. கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் ஆள் பிடித்துப் போனவர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள், அதே சாதி சனம். துரை மேலே பங்களாவில் இருப்பார், வெயிலில் பிரம்போடு நிற்பவன் நம்மாள். ஒரு கூட்டத்தை அடக்க அந்தக் கூட்டத்திலிருந்தே ஒருவனை எடுத்து, அவனுக்கு மட்டும் கொஞ்சம் ருசி காட்டினால் போதும் என்கிற சூத்திரத்தைத் தொடர் எந்தப் பிரசங்கமும் இல்லாமல் ஒரு கூழ்க் குழாயை வைத்துக் காட்டிவிடுகிறது.

‘ஒவ்வொரு தளத்திலும் எத்தனை காவலர்கள்?’ என்று ஆண்டோர் அவனை நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். கினோ வாயைத் திறப்பதில்லை. அங்கிருந்து யாரும் நிஜமாக வெளியே போவதில்லை என்ற சேதி கசிந்துவந்த பிறகு, ஒன்பதாவது எபிசோடின் கடைசி நொடியில், நடந்துகொண்டே பதிலைச் சொல்கிறான். பன்னிரண்டுக்கு மேல் கிடையாது. அந்த ஓர் எண்ணுக்கு என் உடம்பு சிலிர்த்தது, நான் எண்களோடு குடும்பம் நடத்துகிறவன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது எபிசோடின் முடிவில் கினோ மூன்றே சொல் பேசுவான். அதை இங்கே எழுதினால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

அடுத்தது ‘பச்சிங்கோ’. மின் ஜின் லீ 2017-இல் எழுதிய நாவலை சூ ஹ்யூ தொடராக்கினார், எட்டு எபிசோடு. ஜப்பான் கொரியாவை ஆண்ட காலத்தில் பூசான் பக்கத்துத் தீவில் பிறந்த சுஞ்ஜா என்ற பெண், கல்யாணமாகி ஒசாகாவுக்குப் போகிறாள். அவளுடைய பேரன் சாலமன் 1989-இல் டோக்கியோவில் வங்கி வேலைக்கு வருகிறான். இரண்டு காலமும் மாறி மாறி வரும். கிழவி சுஞ்ஜாவாக யூன் யோ ஜோங், ‘மினாரி’க்காக 2021-இல் ஆஸ்கர் வாங்கியவர்.

இதில் இரண்டு சோற்றுக் காட்சிகள். மகளைக் கடல்தாண்டி அனுப்பப்போகிற தாய் அரிசிக் கடைக்குப் போகிறாள். அந்த ஊர் மண்ணில் விளைந்த வெள்ளை அரிசி ஜப்பானியருக்குத்தான், கொரியர்களுக்கு விற்றால் கடைக்காரருக்கு ஆபத்து. நிறைய வேண்டாம், இந்த மண்ணின் ருசியை அவள் போகுமுன் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று கெஞ்சுகிறாள். அவர் தயங்கித் தயங்கி அளந்து கொடுக்கிறார். அவ்வளவுதான், பிறகு பேச்சு இல்லை. அரிசி களைகிறாள், தண்ணீர் வெண்மையாகப் பிரிகிறது, மூடியைத் திறந்ததும் ஆவி. பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிடுகிறார்கள். இன்னொரு காட்சி அறுபது வருஷம் கழித்து. டோக்கியோவில் ஒரு கொரியக் கிழவி தன் நிலத்தை எவ்வளவு விலை கொடுத்தாலும் விற்கமாட்டேன் என்கிறாள். அவளை மசிய வைக்கப் பேரன் பாட்டியைக் கூட்டிப்போகிறான். சாப்பாடு போடுகிறார்கள். சுஞ்ஜா ஒரு வாய் வைத்ததும் நிறுத்துகிறாள். இது நம் ஊர் அரிசி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பேரனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

என் பாட்டி ‘நெல்லுச்சோறு’ என்றுதான் சொல்வாள். தினமும் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும். நெல் நட்டவள் அவள்தான். நான் இந்தக் காட்சியைப் பார்த்த ராத்திரி, வீட்டில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றப்போன மனைவியைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

தயவுசெய்து இதை டப்பிங்கில் பார்க்காதீர்கள். கொரிய மொழி பேசும்போது சப்டைட்டில் மஞ்சள், ஜப்பானிய மொழி பேசும்போது நீலம். ஒரே வாக்கியத்துக்குள் நிறம் மாறும் இடங்கள் இருக்கின்றன. யார் எந்த இடத்தில் எந்த மொழிக்குத் தாவுகிறார்கள் என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் சங்கதி இருக்கிறது. டப்பிங் அதை மொத்தமாகத் துடைத்துவிடும்.

‘பெட்டர் கால் சால்’ இந்த ஆகஸ்டில் முடிந்தது. 2015-இலிருந்து ஆறு சீசன், 63 எபிசோடு. புதிதாக ஆரம்பிக்கச் சொல்ல எனக்கே தயக்கம், முதல் இரண்டு சீசன் ஆமை வேகம். வக்கீல் தொழிலின் சில்லறை வேலைகளை, அதாவது மனு திருத்துவது, கோர்ட் வராந்தாவில் காத்திருப்பது, சட்டத்தில் ஓட்டை தேடுவது, இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தொடர் வேறில்லை. வக்கீல் கிம் வெக்ஸ்லராக வந்த ரியா சீஹோர்னுக்கு இந்த வருஷம்தான் முதல் எம்மி பரிந்துரையே கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. கடைசிக்கு முந்தின எபிசோடில் அவள் ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து உடைந்து அழுகிறாள். வசனம் இல்லை. பக்கத்து இருக்கைக்காரி ஒருத்தி தோளில் கை வைக்கிறாள். அந்தக் கை யாருடையது என்று கடைசிவரை தெரியாது. விருதுக்காரர்கள் என்ன பார்க்கிறார்களோ.

தமிழில் மற்ற இரண்டையும் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். இரண்டுமே புஷ்கர்-காயத்ரி தயாரிப்பில் அமேசானில் வந்தவை. ‘சுழல்’ ஒரு மலையடிவார ஊரில் சிமெண்ட் ஆலை எரிகிற ராத்திரியில் தொடங்குகிறது. அதே ராத்திரி தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் சின்ன மகளைக் காணவில்லை. பார்த்திபன் வழக்கமான வார்த்தை விளையாட்டையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு நடித்திருக்கிறார். பின்னணியில் மயானக் கொள்ளைத் திருவிழா. என் அம்மாவுக்குப் பிறந்த ஊர் செஞ்சிப் பக்கம், மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போகாத வருஷம் கிடையாது. ஹாலைத் தாண்டிப் போனவள் அம்மன் வேஷத்தைப் பார்த்து நின்று, அப்படியே உட்கார்ந்து மூன்று எபிசோடு பார்த்துவிட்டாள். ‘எல்லாம் சரி, சுண்டல் கொழுக்கட்டை இறைக்கிறத கொஞ்சம் நல்லாக் காட்டியிருக்கலாம்’ என்பது அவள் விமர்சனம். என் விமர்சனம், பாதியிலேயே ஆலையும் சங்கமும் மறந்துபோய்விட்டன. வேலைநிறுத்தத்தில் ஆரம்பித்த கதை அது.

டிசம்பரில் வந்த ‘வதந்தி’ ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கியது. கன்னியாகுமரிச் சீமை, வெலோனி என்ற பெண்ணின் சாவு, அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை. எஸ்.ஜே. சூர்யா குரலை இறக்கி நடித்திருக்கிறார் என்பதே சேதி. செத்துப்போன பெண்ணைப் பத்திரிகைகள் வாரத்துக்கொரு விதமாக எழுதி விற்கிற இடங்கள் சுருக்கென்று இருக்கின்றன. எட்டு எபிசோடை ஆறாக்கியிருந்தால் இந்தப் பத்தி இன்னும் நீண்டிருக்கும்.

‘பஞ்சாயத்து’ இரண்டாம் சீசன் இந்தியில். உத்தரப் பிரதேசத்தில் புலேரா என்ற கற்பனைக் கிராமம், அங்கே செயலராக வந்து மாட்டிக்கொண்ட பட்டணத்துப் பையன். தலைவி மஞ்சு தேவி, ஆனால் நாற்காலியில் உட்காருவது அவர் கணவர். நம் ஊரில் பேனரில் மனைவி படமும் ஜீப்பில் கணவரும் போவதைப் பார்த்தவர்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். ஏழு எபிசோடு சிரிக்கவைத்துவிட்டு எட்டாவதில் துணைத் தலைவர் பிரகலாத் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதற்கு நான் தயாராக இல்லை.

கொரியாவிலிருந்து ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’. ஆட்டிசம் உள்ள இளம் வக்கீல் வூ யோங் வூ. தன் பெயரை முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான் என்று எல்லோரிடமும் சொல்லுவாள், நாம் ‘விகடகவி’ சொல்லிச் சிரிப்பதுபோல. சின்னச் சேனல் ஒன்றில் முதல் நாள் பார்வையாளர் கணக்கில் ஒரு சதவீதம்கூடத் தொடாமல் ஆரம்பித்து, 16-ஆவது எபிசோடில் 17.5 சதவீதத்தில் முடித்தது. கதையில் சாலைக்காக வெட்டவிருந்து தப்பிக்கிற ஒரு பழைய மரம் வரும். அந்த மரம் நிஜமாகவே சாங்வோனில் ஒரு கிராமத்தில் நிற்கிறது. தொடர் முடிந்த கையோடு, அக்டோபரில் கொரிய அரசு அதை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. பிற்பாதியில் காதல் கொஞ்சம் இழுவை, போகட்டும்.

டிராகன் தொடரையும் (‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’) மோதிரத் தொடரையும் (‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’) ஏன் சேர்க்கவில்லை என்பீர்கள். இரண்டையும் பார்த்தேன், காசு எங்கே போனதென்று திரையில் தெரிகிறது. அடுத்த வாரம் எனக்கு ஒரு பெயரும் ஞாபகமில்லை.

பொங்கல் லீவு நான்கு நாள்தானே. அம்மா அப்பாவோடு ஹாலில் என்றால் ‘அட்டர்னி வூ’, இந்தி ஓரளவு புரியுமென்றால் ‘பஞ்சாயத்து’ முதல் சீசனிலிருந்து. பிள்ளைகள் தூங்கிய பிறகு ‘விலங்கு’, ஒரே ராத்திரியில் முடித்துவிடுவீர்கள். ஆப்பிளுக்கு ஒரு மாதம் மட்டும் பணம் கட்டி ‘பச்சிங்கோ’வையும் ‘செவரன்ஸை’யும் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். ‘ஆண்டோர்’ மட்டும் லீவு முடிந்த பிறகு, வேலைக்குப் போய்வந்த ராத்திரிகளில், ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு. முதல் இரண்டு மெதுவாகப் போகும், மூன்றாவதில் கோபுரத்துச் சத்தத்துக்குப் பதில் சொல்லுவதுபோல ஊரே தகரத்தைத் தட்ட ஆரம்பிக்கும். அதுவரை பொறுங்கள்.